சாமி கைத் தண்ணீர்

ராமசுப்பு ஆலையில் என்ன வேலை பார்க்கிறார் என்பது அவர் மனைவி ராஜாம்பாளுக்கு வெகு நாள் தெரியாது. ஆபீசில் ஏதோ உத்தியோகம் என்று சொல்லி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் வண்ணார்பேட்டைப் பக்கம் போய்விட்டு வந்து விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"உங்காத்துக்காரர் அங்கே மில் கூலிக்காராளுக்குத் தண்ணி விட்டுண்டு நிக்கறார், மாமி. என் கண்ணாலே பார்த்தேன்."

ராஜாம்பாள் சண்டை போடவில்லை. ராத்திரி சாதம் பரிமாறும்போது, "தொட்டுண்டா விடறேள், தூக்கியா?" என்று மட்டும் கேட்டாள்.

"தூக்கித்தான்."

"அப்போ சரி" என்று மோரை ஊற்றினாள். அந்தக் குரலில் சரி இல்லை.

அவர்கள் கிராமத்துப் பிள்ளைகளில் படிப்பு வந்தவர்கள் வக்கீல் குமாஸ்தாவாகவும் வாத்தியாராகவும் திருநெல்வேலிக்கும் மதராசுக்கும் போய்விட்டார்கள். படிப்பு வராமல் வேதம் வந்தவர்கள் வைதிகத்தில் பிழைத்தார்கள். ராமசுப்புவுக்கு இரண்டும் வரவில்லை. நிலம் அப்பா காலத்திலேயே கைமாறிப் போயிருந்தது. கல்யாண வீடுகளில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டும், "ஏய் ராமசுப்பு, அந்த அண்டாவை நகர்த்து" என்று தம்மைவிடச் சின்னவர்கள் ஏவியதைச் செய்துகொண்டும் தலை நரைக்கிற வயசுக்கு வந்துவிட்டார். அப்போதுதான் ஆலை அவரைக் கூப்பிட்டது.

அந்த நூற்பாலை வந்து அப்போது அதிகக் காலம் ஆகவில்லை. கோவில்பட்டிக் கரிசலிலிருந்து வண்டி வண்டியாகப் பஞ்சுப் பொதி வந்து இறங்கும். அது நூலாகி, சிட்டம் சிட்டமாகக் கட்டப்பட்டு, பாதி மேலப்பாளையத்துத் தறிகளுக்குப் போகும். மீதி ரயிலேறித் தூத்துக்குடிக் கப்பலுக்குப் போகும். நாற்று நட்டவர்களும், பனையேறியவர்களும், சீமைத் துணி வந்து தறி விழுந்துபோனவர்களும் விடியும் முன்னே சங்குச் சத்தத்துக்கு ஓடி வந்தார்கள். ஆலையைச் சுற்றிக் குடிசைகளும் சாப்பாட்டுக் கடைகளும் முளைத்து, வயலாக இருந்த இடம் பேட்டையாகிவிட்டது.

இயந்திரம் யாரையும் என்ன ஜாதி என்று கேட்கவில்லை. தாகம் கேட்டது. உள்ளே தோளோடு தோள் நின்றவர்கள் தண்ணீர்ப் பானையிடம் வந்ததும் தனித்தனியானார்கள். யார் குடம், யார் கை பட்டது என்று தினமும் தகராறு. திருநெல்வேலிக் கலகம் நடந்ததற்கு மறுவருஷம் ஒரு பானைக்காக ஒருவன் மண்டை உடைந்து, ஆலையே நின்றுபோயிற்று. எல்லாரும் யார் கையால் குடிப்பார்கள் என்று ஆலையை நடத்தின வெள்ளைக்காரத் துரை விசாரித்தார். அதற்கு ஊர் சொன்ன பதில்தான் ராமசுப்பு.

ஆலை முற்றத்தில் ஓடு போட்ட கொட்டகை ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். மேற்கே வாசல். அங்கே வருகிறவர்கள் குனிந்து கையை ஏந்துவார்கள். அவர் செம்பிலிருந்து உயர்த்தி விடுவார். கிழக்கே வாசல் இல்லை. சுவரில் இடுப்பு உயரத்தில் ஒரு துவாரமும், அதில் சரிவாகச் செருகிய தகரக் குழாயும்தான். சேரியிலிருந்து வருகிறவர்கள் சுவருக்கு அப்பால் நின்று, அந்தக் குழாய் முனையில் கையேந்த வேண்டும். அவர்கள் முகம் ராமசுப்புவுக்குத் தெரியாது. கை தெரியும், குரல் தெரியும். அந்த ஏற்பாட்டில் தவறு இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. தோன்றாதவர் கெட்டவரா என்று கேட்டால், இல்லை என்றுதான் அவரிடம் தண்ணீர் குடித்த எல்லாரும் சொல்லியிருப்பார்கள்.

விடியற்காலையில் ஆற்றில் முழுகி, நடு ஓட்டத்தில் இறங்கித் தாமே பித்தளைத் தவலைகளை நிரப்புவார். வண்டியில் ஏற்றி வந்து மணல் பரப்பி வைப்பார். பஞ்சுத் தூசி தொண்டையை அடைக்க வெளியே வருகிறவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி உயிர் திரும்புவது போல இருக்கும். 'சாமி கைத் தண்ணி' என்று அதற்குப் பேரே வந்துவிட்டது. ஊரில் தண்ணி ஐயர் என்று கேலி செய்தார்கள். செய்யட்டுமே. நாற்பது வருஷத்தில் அவரிடம் யாரும் எதையும் 'வேணும்' என்று கேட்டதில்லை. இங்கே நாள் முழுக்கக் கேட்டார்கள்.

கிழக்குச் சுவருக்கு அப்பால் வருகிற கைகளில் ஒன்றை அவருக்கு நன்றாகத் தெரியும். மணிக்கட்டில் பச்சை குத்திய தேள். நூல் அறுத்து அறுத்துக் காய்த்துப்போன ஆள்காட்டி விரல். மாரித்தாய். சிட்டம் சுற்றும் பகுதியில் வேலை. புருஷன் பிச்சைக்கண்ணு நூல் பொதி கட்டுகிற இடத்தில் இருந்தான்.

"சாமி, பைய ஊத்தும். குழாய்ல வார தண்ணி கொலுசு போட்டுக்கிட்டு ஓடுது" என்பாள்.

"ஓடினா ஓடட்டும். நீ ஓடாம நின்னு குடி" என்பார். இவ்வளவுதான் பேச்சு. அதற்காக அவர் காத்திருந்தார் என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.

இப்படிச் சில வருஷம் போயிற்று. அந்த ஆடி அமாவாசைக்குப் பாபநாசத்தில் என்றைக்கும் இல்லாத கூட்டம். கூட்டம் கலைந்த கையோடு மேற்கேயிருந்து வாந்திபேதிச் செய்தி வர ஆரம்பித்தது. ஆலைக் கம்பவுண்டர் தேவதாசன், பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், ஒருநாள் காலை கொட்டகைக்கு வந்தார்.

"ஐயரே, துரை உத்தரவு. இன்னையிலேருந்து கொதிக்க வச்ச தண்ணிதான் குடுக்கணும். ஆத்துல கிருமி வருது."

"தாமிரவர்ணியிலா? நீர் வேதக்காரர், சொல்லலாம். என் காதிலே விழலைன்னு வச்சுக்கறேன்."

"மதத்தைச் சொல்லலைவே, பேதியைச் சொல்லுதேன். பாபநாசத்துல முங்கின கூட்டம் அவ்வளவும் இந்த ஆத்துலதான எல்லாத்தையும் கழுவிட்டுப் போயிருக்கு? அது வேற எங்க போகும், நேரா இங்கனதான் வரும்."

"எத்தனையோ பேர் பாபத்தைக் கழுவற ஜலம் ஓய் அது. அதுக்கு இது ஒரு பாரமா?"

தேவதாசன் வாதாடவில்லை. பாய்லருக்குத் தீப்போடும் தாஜ் முகம்மதுவிடம் சொல்லி, நீராவியிலேயே ஒரு அண்டா தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொண்டுவரச் செய்தார். மேற்கு வாசலில் நின்றவர்கள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாய் கொதிக்க வச்சதையா குடிக்கச் சொல்லுதீக? அப்பச் சோத்தையும் அவரே பொங்கிப் போடட்டும்" என்றான் ஒரு மேஸ்திரி.

தாஜ் முகம்மது சிரித்துவிட்டார். "தண்ணிதானவே, உப்பா போட்டேன் நான்?"

ராமசுப்புவும் அந்த அண்டாவைத் தொடவில்லை. பச்சைத் தண்ணீர் வேறு. அடுப்பேறிவிட்டால் அது ஒருவர் சமைத்த பண்டம். ஆகவே கொட்டகைக்குப் பின்னால் கல் கூட்டி, விறகு வாங்கி, அவரே கொதிக்க வைக்கும்படி ஆயிற்று. கொதித்தது ஆறுவதற்குள் வேலை விட்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆவணி வெயில். உள்ளே இயந்திரச் சூடு. வெளியே வந்தால் வெந்நீர்.

கிழக்குப் பக்கம் முதல் நாளே அமளி.

"சாமி, நான் என்ன பிள்ளைபெத்த பச்சை உடம்பா, வெந்நி ஊத்துதீரு?" என்றாள் மாரித்தாய்.

"ஏளா, இப்படியாச்சும் ஒனக்கு ஒண்ணு பிறக்கட்டும்னு சாமி நினைக்காரு. குடிளா" என்றாள் பின்னால் நின்ற அன்னத்தாய்.

சுவருக்கு அப்பால் சிரிப்பு எழுந்தது. ஆனால் தேள் குத்திய கை தண்ணீரைத் தரையில் உதறிவிட்டுப் போயிற்று.

அடுத்த நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். அதற்கடுத்த நாள் அதிலும் பாதி. மேற்கு வாசலிலும் அதே கதை. ராமசுப்பு செம்பும் கையுமாக நின்றார். மாரித்தாய் குரலைக் காணோமே என்று குழாய்ப் பக்கம் கேட்டார்.

"அவ ஓடைக்குப் போயிட்டா சாமி. நானும் அங்கனதான் போறேன், கோவிச்சுக்கிடாதேயும்" என்றாள் அன்னத்தாய்.

ஓடை என்பது ஆலையின் பின்புறம் போகிற வாய்க்கால். பாய்லர்க் கழிவும் இயந்திர எண்ணெயும் அதில்தான் விழும். பேட்டைப் பன்றிகள் அதில்தான் புரளும். அதையா குடிக்கிறார்கள் என்று ராமசுப்பு தமக்குள்ளே பொருமினார். இந்த உத்தரவு யாரைக் காப்பாற்றுகிறது? குளிர்ந்த தண்ணீர் இல்லாததால்தானே இவர்கள் சாக்கடைக்குப் போகிறார்கள்? நான் நடு ஓட்டத்தில், சூரியன் வருமுன், கையாலே அள்ளி வருகிற ஜலத்தைவிட அந்த ஓடை மேலா?

நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. வெறும் கொட்டகையில் நிற்கும்போது அவர் மறுபடியும் அண்டா நகர்த்துகிற ராமசுப்புவாக ஆகிக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியற்காலையில் தவலைகளை ஆற்றில் நிரப்பிக்கொண்டு வந்தார். அடுப்பில் ஒரு அண்டா கொதித்தது. தேவதாசன் வந்து புகையைப் பார்த்தார், ஆவியில் கையை நீட்டிப் பார்த்தார், திருப்தியாகப் போனார். அவர் போனதும் ராமசுப்பு ஒவ்வொரு தவலையிலும் ஒரு செம்பு வெந்நீரை விட்டுக் கலக்கினார். கொதித்த ஜலம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. இது பொய்யா என்று ஒரு தடவை தம்மையே கேட்டுக்கொண்டார். வெந்நீர் கலந்திருக்கிறது, ஆகவே பொய் இல்லை என்று பதிலும் சொல்லிக்கொண்டார்.

மத்தியானம் அன்னத்தாய் முதலில் குடித்தாள். "எளா மாரி, ஓடியா! சாமி கைத் தண்ணி திரும்பிட்டுது!"

குழாய் முனையில் தேள் வந்து நின்றது. மாரித்தாய் வயிறு நிறையக் குடித்து, மீந்ததை முகத்தில் அறைந்துகொண்டாள். "இனிமே அந்த ஓடைப் பக்கம் மிதிச்சா என் காலை ஒடியும் சாமி" என்றாள்.

அன்று அவர் நடையே வேறாக இருந்தது. ராஜாம்பாள்கூட, "என்ன, துரை சம்பளம் கூட்டினானா?" என்று கேட்டாள்.

பேதி ஆலைக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். பஞ்சு அடிக்கும் இடத்தில் ஒருவன் விழுந்தான். பின்பு மேஸ்திரியின் தம்பி. பின்பு நூற்கும் பகுதியில் வரிசையாக. ஒருநாள் காலையில் நன்றாகச் சிரித்துப் பேசிவிட்டு வேலைக்குப் போன மாரித்தாயை நடுப்பகலில் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். கொட்டகையைக் கடந்துதான் போனார்கள். அப்போதும் ராமசுப்பு முகத்தைப் பார்க்கவில்லை; தொங்கிய கையைப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். அன்னத்தாயும் போனாள். சங்கு நின்றது. ஆலையைப் பூட்டினார்கள். பேட்டைச் சாப்பாட்டுக் கடைகளில் அடுப்பு எரியவில்லை.

வீட்டில் இருந்த நாட்களில் ராமசுப்பு கணக்குப் போட்டுப் பார்த்தார். ஓடையில் குடித்தவர்கள் செத்தார்களா, என்னிடம் குடித்தவர்கள் செத்தார்களா? இரண்டிலும் குடித்தவர்கள் உண்டு. ஊரில் கிணற்றுத் தண்ணீர் குடித்தவனும் செத்தான். யாரால் என்று எப்படித் தெரியும்? ஆனால் குளிர்ந்த தண்ணீர் திரும்பிய பிறகு மாரித்தாய் ஓடைக்குப் போகவில்லை என்று அவருக்குத் தெரியும். அவள் குழாயில்தான் குடித்தாள், தினமும், வயிறு நிறைய. அந்த இடத்துக்கு வந்ததும் கணக்கு நின்றுவிடும்.

ஆலை திறந்தபோது அவர் பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. அதைவிட மோசமாக நடந்தது. உத்தரவை மீறி ஓடைத் தண்ணீர் குடித்ததால்தான் இத்தனை சாவு என்று துரை முடிவு கட்டியிருந்தார். ஓடைக்கு முள்வேலி போட்டாயிற்று. தேவதாசன் கொட்டகைக்கு வந்து மனசாரச் சொன்னார்:

"ஐயரே, முதல்ல நாம முட்டிக்கிட்டாலும், நீரு அடுப்பை அணைய விடலை. நீரு இல்லைன்னா இன்னும் எத்தனை பேரோ."

ராமசுப்பு வாயைத் திறந்தார். பிறகு குனிந்து தவலைக்கு மணல் அணைத்தார். தேவதாசன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் எல்லாத் தண்ணீரையும் உண்மையாகவே கொதிக்க வைத்தார். வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பயத்தில் கொஞ்சம் குடித்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து, எல்லாரும் குடித்துவிட்டுப் போன பிறகு, குழாய் முனையில் ஒரு ஆண் கை வந்தது. ஏந்தவில்லை, குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சாமி, நான் பிச்சைக்கண்ணு. மாரி புருஷன்."

"சொல்லுப்பா."

"ஒண்ணு கேக்கணும். ஓடைத் தண்ணியைக் குடிச்சுட்டுத் தானாச் செத்தாள்னு எங்க சனமே பேசுது. ஆனா அவ எங்கிட்ட, இப்பல்லாம் ஓடைப் பக்கமே போறதில்லை, சாமி கைத் தண்ணிதான்னு அடிச்சுச் சொன்னா. எங்கிட்ட அவ பொய் பேசினதே கிடையாது சாமி. கடைசிக் காலத்துல எதுக்குப் பேசணும்? நீரு இங்கன நிக்குதவரு. நீரு சொல்லும். போனாளா, போகலையா?"

போனாள் என்று சொன்னால் தீர்ந்தது. செத்தவள் பொய்க்காரியாவாள், கேட்கிறவன் ஒருநாள் அழுதுவிட்டு ஓய்வான், கொட்டகை நிலைக்கும். ராமசுப்பு செம்பைக் கீழே வைத்தார். மேற்கு வாசல் வழியே வெளியே வந்து, சுவரைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனார். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் வந்ததில்லை. தரை முழுக்கச் சேறு. பிச்சைக்கண்ணு பதறி விலகினான்.

"சாமி, இங்கன எதுக்கு வாரீரு?"

"போகலை அப்பா. அவ ஓடைக்குப் போகலை. நான் விட்டதைத்தான் குடிச்சா. நான் கொதிக்க வைக்கலை. ஆத்து ஜலத்தை அப்படியே விட்டேன். வெந்நீர் வேண்டாம்னு எல்லாரும் போயிட்டேளேன்னு, அப்படியே விட்டேன்."

பிச்சைக்கண்ணு முதல் வார்த்தையோடு நின்றுவிட்டான். அவன் முகத்தில் இத்தனை நாளாக இறுகிக் கிடந்தது அவிழ்ந்தது. "போகலை" என்றான். "போகலைன்னு சொன்னாளே! பார்த்தீரா சாமி, பொய் பேசலை அவ."

"நான் சொல்றது உனக்குப் புரியலை. என் தண்ணிதான் அவளை..."

"ஆத்துத் தண்ணிதான ஊத்தினீரு?"

"ஆமாம்."

"ஆத்துத் தண்ணி எப்படிச் சாமி கொல்லும்?" பிச்சைக்கண்ணு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "எங்க அப்பன் பாட்டன் எல்லாம் குடிச்சதுதான. அவளுக்கு விதி முடிஞ்சுது. நீரு மனசைப் போட்டு ஒழப்பிக்கிட்டு ஆத்தைப் பழிக்காதேயும். அது பாவம்."

மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. குற்றம் என்று ஒன்று இருப்பதாகவே அவன் ஏற்றுக்கொள்ளவில்லை.

பிச்சைக்கண்ணு சந்தோஷத்தோடு போய் எல்லாரிடமும் சொன்னான்: என் பெண்டாட்டி ஓடைக்குப் போகவில்லை, சாமியே சொன்னார். எப்படிச் சொன்னார் என்று கேட்டவர்களுக்கு மிச்சத்தையும் சொன்னான். பொழுது விடிவதற்குள் பேச்சு ஆலை முழுக்கப் பரவிவிட்டது. பரவப் பரவ அதன் வடிவம் மாறியது. கொதிக்க வைக்காத தண்ணீரை விட்டார் என்பது யார் காதிலும் தங்கவில்லை. தாமிரவருணி ஆளைக் கொன்றுவிட்டது என்று ஐயர் சொல்கிறார் என்பது தங்கியது.

"பூணூல் போட்டவரு பேசுத பேச்சாவே இது?" என்றான் மேஸ்திரி. தம்பியைப் பறிகொடுத்தவன் அவன். "நாளைக்கு அம்மனே ஆளைக் கொன்னுப்புட்டாள்னு சொல்லுவாரு."

தேவதாசன் மட்டும் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார். வெளிறிப்போய் வந்தார். "தினம் வந்து பார்த்து, கொதிச்சுதுன்னு துரைகிட்டச் சொன்னவன் நான். யாரும் கேக்கலியே ஐயரே! ஏன்வே வாயைத் திறந்தீரு?"

"ஒருத்தன் கேட்டான்" என்றார் ராமசுப்பு.

துரை அவரை உத்தரவு மீறியதற்காக நீக்கினார். ஆட்கள் அவரை ஆற்றைப் பழித்ததற்காக நீக்கினதாக நினைத்துக்கொண்டார்கள். அவர் இடத்துக்கு முத்துசுப்பிரமணியன் என்று ஒரு பிராமண வாலிபன் வந்தான். மழை பிடித்து, பேதி அடங்கி, கொட்டகைக்குப் பின்னால் அடுப்பு அணைந்தது. மறுபடி யாரும் அதை மூட்டவில்லை. மேற்கே வாசலில் குனிந்தும், கிழக்கே குழாயில் ஏந்தியும், எல்லாரும் குளிர்ந்த தண்ணீர் குடித்தார்கள்.

ராமசுப்பு கல்யாண வீடுகளுக்குத் திரும்பினார். அங்கேயும் பேச்சு முந்திக்கொண்டு போயிருந்தது. முன்பு கேலி செய்தவர்கள் இப்போது விலகினார்கள். ஆற்றங்கரைக்குப் போவதை விட்டார். சந்தியாவந்தனத்தைக் கொல்லைக் கிணற்றடியில் செய்தார். ஆசமனம் செய்யக் கையில் எடுக்கும் ஜலத்தைக்கூடக் காய்ச்சி ஆற வைத்திருப்பார். மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே அந்த உள்ளங்கையை வெகு நேரம் பார்ப்பார்.

"அடுப்பேறின ஜலத்திலே ஆசமனம் பண்ணலாமா? இது என்ன புது சாஸ்திரம்?" என்று ராஜாம்பாள் ஒருநாள் கேட்டாள்.

"சாஸ்திரம் இல்லே. பயம்."

"தாமிரவர்ணித் தாயாரைப் பார்த்தா பயம்?"

"எனக்குத் தெரியலை ராஜாம். கொன்னது அதுவா, நானா, இரண்டுமான்னு தெரியலை. தெரியாதபோது எப்படிக் குடிக்கறது?"



ஜெர்மன் யுத்தம் முடிந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து தெருத்தெருவாக வீடுகளைக் காலி செய்தது. ராமசுப்பு மூன்றாம் நாள் பேச்சு நின்று கிடந்தார். வழக்கப்படி யாரோ ஓடிப்போய் ஆற்றிலிருந்து ஒரு செம்பு கொண்டுவந்தார்கள். ராஜாம்பாள் துளசியைப் போட்டு உத்தரணியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் கண் திறந்திருந்தது. உதடு மூடிக்கொண்டது. வேண்டாம் என்று மூடினாரா, உடம்பு தானாக மூடியதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. தண்ணீர் மோவாய் வழியாக ஓடித் தலையணையில் இறங்கியது. அவள் இரண்டாம் முறை முயற்சி செய்யவில்லை, முந்தானையால் துடைத்துவிட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்கள், "கடைசியில் ஜலம் இறங்கித்தோ?" என்று கேட்டார்கள்.

"ரெண்டு மடக்கு இறங்கித்து" என்றே எல்லாரிடமும் சொன்னாள்.